டீக்கால் காய்ந்ததும் வெள்ளி பூக்கிறது, டர்பன் ஈரம்தான் காரணமா?

சாட்ஸ்வர்த்_இம்பாலா எழுதியது:

வணக்கம். 1/72 அளவில் தென்னாப்பிரிக்க விமானப்படையின் இம்பாலா ஜெட் மாடல் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜ விமானமே இத்தாலிய எம்பி-326ஐ உரிமம் வாங்கி கெம்ப்டன் பார்க்கில் அட்லஸ் கட்டியதுதான், அதனால் கிட்டில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பச்சையும் பழுப்புமாக மேட் பெயிண்ட், ஏர்பிரஷ்ஷில் அடித்து முடித்தாயிற்று, அதுவரை ஒரு குறையும் இல்லை. தகராறு டீக்காலில்தான், தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டும் அச்சுச் சின்னம்.

இடது இறக்கையில் கோட்டைச் சின்னத்தை ஒட்டினேன், அதுதான், கேப் டவுன் கோட்டையின் ஐங்கோண வடிவத்துக்குள் ஸ்பிரிங்பாக் பாயும் அந்தப் பழைய சின்னம். ஈரமாக இருந்தபோது பெயிண்டிலேயே எழுதியது என்று சொன்னால் நம்புவார்கள், அவ்வளவு சுத்தம். காலையில் பார்த்தால் சின்னத்தைச் சுற்றியிருக்கும் நிறமில்லாத படலம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நேராகப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியவில்லை, விளக்குக்குக் கீழே லேசாகச் சாய்த்தால் போதும், செலோடேப் துண்டு ஒட்டிய மாதிரி விளிம்போடு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மேலே டீக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவம் தடவினேன், கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. வீட்டில் கேட்டால், இந்த மாதம் டர்பனில் துணியே காய்வதில்லை, உன் பொம்மை மட்டும் காயுமா என்கிறார்கள். நிஜமாகவே ஈரக்காற்றுதான் காரணமா? ஒட்டியதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா, இல்லை உரித்துவிடவா? இன்னொன்று, கிட் எண்பதுகளில் வந்தது, டீக்கால் தாள் மஞ்சளித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்கலாம் என்றால் டீக்கால் விலையைவிடத் தபால் செலவு அதிகம், வந்து சேருமா என்பது தனிக் கதை. வலது இறக்கையில் கை வைப்பதற்குள் யாராவது சொல்லுங்கள்.


லெனேசியா_ஏர்பிரஷ் எழுதியது:

ஈரக்காற்றின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் குளிர்காலம் வந்தால் உதடு வெடிக்கிற வறட்சி, இங்கேயும் மேட் பெயிண்டின் மேல் ஒட்டினால் இதே வெள்ளிதான் பூக்கும். மேட் என்றாலே மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று அர்த்தம், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால்தான் மங்கலாகத் தெரிகிறது. டீக்கால் படலம் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காருகிறது. கீழே பள்ளங்களில் தண்ணீர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, தண்ணீர் காய்ந்ததும் அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது, அதில் வெளிச்சம் பட்டால் வெள்ளி. ராத்திரி நன்றாக இருந்தது காலையில் கெட்டுப்போனது இதனால்தான்.

ஆகவே டீக்காலுக்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ். டாமியா எக்ஸ்-22 இருந்தால் அதுவே போதும், தின்னர் கலந்து ஏர்பிரஷ்ஷில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரேயடியாகக் கெட்டியாக அடித்தால் பேனல் கோடுகள், அதாவது விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள், மூடிப்போகும். ஜன்னலைப் பார்க்கப் பிடித்தால் ஜன்னல் கம்பி இறக்கையில் ஓரளவு கோடாகத் தெரிய வேண்டும், வெறும் வெளிச்சத் திட்டாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். அப்புறம் ஒரு முழு நாளாவது தொடாமல் விடுங்கள். எக்ஸ்-22 தொட்டுப் பார்த்தால் சீக்கிரம் காய்ந்துவிட்டதாகத்தான் தோன்றும், உள்ளே காய்ந்திருக்காது, அந்த நேரத்தில் மைக்ரோ சால் பட்டால் வார்னிஷே குழைந்துவிடும். உங்கள் ஊருக்கு இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் ஈரத்தின் பங்கு அவ்வளவுதான்.

ஒட்டும்போது வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தாளைப் பத்துப் பதினைந்து நொடி முக்கி எடுத்து டிஷ்யூ மேல் வைத்துவிட்டுக் காத்திருங்கள், தாளில் ஊறிய ஈரமே பசையை இளக்கிவிடும். டீக்கால் தானாகப் பிரிந்து மிதக்கும்வரை கிண்ணத்திலேயே விடுகிறவர்கள் உண்டு, பசை பாதி தண்ணீரோடு போய்விடும், பிறகு ஓரம் தூக்குகிறதே என்று இங்கே வந்து கேட்பார்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் முதலில் மைக்ரோ செட், நீல லேபிள் பாட்டில். அதன்மேல் தாளோடு கொண்டுபோய் வைத்து, ஈரப் பிரஷ்ஷால் டீக்காலைத் தள்ளித் தாளை உருவிவிட வேண்டும். விரலால் தூக்காதீர்கள், மடங்கிக்கொண்டால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். இடம் சரியானதும் ஈரமான காது பட்ஸை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள், தேய்க்காதீர்கள், உருட்டுங்கள்.

சிவப்பு லேபிள் மைக்ரோ சால் அதற்கும் பிறகுதான். செட் என்பது அடியில் பரப்பைச் சுத்தம் செய்து பிடிப்பு கொடுக்கிற, வினிகர் வாடை அடிக்கிற மிதமான திரவம். சால் படலத்தையே இளக வைத்துப் பேனல் கோட்டுக்குள் இறங்கச் செய்வது. சால் தடவியதும் டீக்கால் கிழவன் முகமாகச் சுருங்கும், புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப்போய் பிரஷ்ஷால் நீவிவிடுவார்கள், அத்தோடு கிழிந்தது. தொடாமல் எழுந்து போய்விடுங்கள், காயும்போது அதுவே படிந்துவிடும்.

ஏற்கெனவே ஒட்டியதற்கு: புது ஊசியால் வெள்ளி பூத்த இடத்தில் மட்டும் குத்துங்கள், கண்ணுக்குத் தெரியாத துளைகள் போதும், மேலே சால் தடவினால் துளை வழியாக உள்ளே இறங்கிக் காற்றை வெளியேற்றும். காய்ந்ததும் திரும்பவும் பாருங்கள், மிச்சம் இருந்தால் திரும்பவும் குத்துங்கள். இப்படிப் பாதிக்கு மேல் சரியாகும். முழுப் படலமும் பூத்திருந்தால் உரிப்பதே மேல், டேப்பை அழுத்தி இழுத்தால் வந்துவிடும், பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

மஞ்சளித்த தாளை எறிய வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அச்சுப் பக்கம் வெளியே பார்க்க, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெயில் மஞ்சளை வெளுத்துவிடும், தினமும் ஒருமுறை பாருங்கள், அதிகமானால் நிறமும் வெளுக்கும். டர்பன் ஜன்னலில் தண்ணீர் வழிகிற காலம் என்றால் உறையின் வாயை டேப் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் டீக்கால் தாளோடே சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.


கேப்டவுன்_மினி எழுதியது:

அண்ணா, பளபளப்பு வேண்டும் என்பது சரி, முழு மாடலுக்கும் வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சண்டை. நான் விமானம் கட்டுவதில்லை, 28 மில்லிமீட்டர் மினியேச்சர்தான், வார்ஹாமர் விளையாட்டின் ஸ்பேஸ் மரீன் வீரர்கள் கூட்டம் கூட்டமாக. ஒரு தோள்பட்டைச் சின்னத்துக்காக முழு உருவத்துக்கும் பளபளப்பு அடித்து, பிறகு முழுதுக்கும் மேட் அடித்தால், கஷ்டப்பட்டு வரைந்த முகத்தின் மேல் இரண்டு அடுக்கு வார்னிஷ் ஏறி உட்காரும். டீக்கால் விழும் இடத்தில் மட்டும், அதைவிட ஒரு சுற்று பெரிதாக, பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை பூசினாலே வெள்ளி பூக்காது. ஏர்பிரஷ் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஏர்பிரஷ் வாங்க ஓடவும் வேண்டாம்.

என் தலைவலி வேறு, யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன். தோள்பட்டை பந்தின் ஒரு பகுதி மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்தது, டீக்கால் தட்டையானது, எப்படி வைத்தாலும் ஓரத்தில் மடிப்பு விழும், கணக்குப்படியே விழுந்துதான் ஆகும். முதலில் சின்னத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் படலத்தைப் புது பிளேடால் முடிந்தவரை ஒட்ட வெட்டிவிடுங்கள், மடிப்பில் பாதி அங்கேயே ஒழிந்தது. பிறகு ஓரத்திலிருந்து உள்பக்கமாக, படம் இல்லாத இடமாகப் பார்த்து மூன்று நான்கு சின்னக் கீறல். ஒட்டும்போது அந்தக் கீறல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளைவுக்கு இடம் கொடுக்கும். அதன்பின் சால் தடவிக் காயவிட்டு, திரும்பத் தடவிக் காயவிட்டு, பொறுமை இருக்கும்வரை. இன்னும் ஒரு மடிப்பு நிமிர்ந்து நின்றால், நன்றாகக் காய்ந்தபின் பிளேடால் அதன் முதுகில் கீறி மேலே சால் வைத்தால் படுத்துக்கொள்ளும்.

ஓரம் அப்படியும் தெரிந்தால் கவசத்தின் அடிநிறத்தையே தண்ணீராகக் கரைத்து விளிம்பில் இழுத்துவிடுவேன், அதன்மேல் இரண்டு கீறல், ஒரு துரு. போருக்குப் போன கவசம், சின்னம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால்தான் சந்தேகம் வரும். இம்பாலாவுக்கு இது செல்லாது என்று தெரியும்.


லெனேசியா_ஏர்பிரஷ் எழுதியது:

மினியேச்சருக்கு நீங்கள் சொல்வது சரி தங்கச்சி, விட்டுக்கொடுக்கிறேன். விமானத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜெட் விமானத்தில் பெரிய சின்னம் நாலைந்து, அதோடு நின்றுவிடுமா? இங்கே மிதிக்காதே, இங்கே எரிபொருள், இங்கே ஆபத்து என்று எறும்பு எறும்பாக எச்சரிக்கை எழுத்துகள் உடம்பெல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் பிரஷ்ஷால் திட்டுத் திட்டாக வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தால், கடைசியில் மேட் அடித்த பிறகும் சாய்த்துப் பார்க்கும்போது திட்டுகள் மேடாகத் தெரியும். அது போக, பேனல் கோடுகளுக்கு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த அடர் நிறம், ஓட்டுவதற்கும் அதே பளபளப்புப் பரப்புதான் வேண்டும், மேட்டில் ஓட்டினால் கறை ஊறிவிடும். ஒரு பூச்சில் இரண்டு வேலை.

போர்க்கால விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. அந்தக் காலத்துத் தென்னாப்பிரிக்க விமானப்படை வட்டச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களின் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. நிறைய டீக்கால்களில் அந்த ஆரஞ்சு மெல்லிசாக அச்சாகியிருக்கும், கரும்பச்சையின் மேல் ஒட்டினால் செங்கல் நிறமாகிவிடுகிறது. அதே அளவுக்கு வெள்ளை டீக்காலில் ஒரு வட்டம் வெட்டி முதலில் ஒட்டிக் காயவிட்டு, அதன்மேல் சின்னத்தை ஒட்டுங்கள். விளிம்பில் வெள்ளை எட்டிப் பார்க்காமல் இருக்க அடிவட்டத்தை ஒரு மயிரிழை சிறிதாக வெட்ட வேண்டும்.


மாரிட்ஸ்பர்க்_பஸ் எழுதியது:

ஈரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று இளைஞர்கள் முடிவு கட்டிவிட்டீர்கள், ஒரு நிமிஷம். வெள்ளி பூப்பதற்கு ஈரம் காரணமில்லை, சரி. கடைசியில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கும்போது டர்பன் ஈரம் தன் வேலையைக் காட்டும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லென்று ஆகிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது, மாடல் முழுக்கப் பனி பூத்துவிடும். கறுப்பு, கரும்பச்சை மாதிரி அடர் நிறத்தில் கண்ணில் அறையும். ஈரமானி விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. 70 சதவீதத்தைத் தாண்டினால் கேனைத் தொடாதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சாட்ஸ்வர்த்தில் அதற்குக் கீழே இருக்கும் நாள் கிடைப்பதே அபூர்வம், இருப்பதில் காய்ந்த நாளாகப் பார்த்து அடித்துவிட்டு உடனே ஏசி உள்ள அறைக்குள் கொண்டுபோய்விட வேண்டும். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். கேனை விட்டுவிட்டு பிரஷ் அல்லது ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் மேட் அடித்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பனி பூத்துவிட்டால் மேலே மெல்லிசாகப் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும், பிறகு காய்ந்த நாளாகப் பார்த்து மேட்.

வார்னிஷுக்கு முன்னால் இன்னொரு வேலை, எல்லோரும் மறக்கிறார்கள். டீக்கால் காய்ந்தபின் ஓரங்களில் பசை கசிந்து உலர்ந்திருக்கும், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். விட்டால் வார்னிஷுக்குள் பழுப்புக் கறையாகச் சமாதியாகிவிடும்.

டீக்கால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று ஏன் தவம் கிடக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. வெற்று டீக்கால் தாள் வாங்கி வீட்டிலேயே அச்சடிக்கலாம். நான் விமானக்காரன் இல்லை, 1/76ல் பஸ் கட்டுகிறேன், நம் ஆட்கள் டர்பனில் கிளேர்வுட், கிரே தெரு பக்கம் ஓட்டிய பழைய பஸ்கள். அவற்றுக்கு எந்தக் கம்பெனி டீக்கால் போடப்போகிறது? என் அப்பா ஓட்டிய பஸ்ஸின் நெற்றியில் கறுப்புப் பலகையில் மஞ்சளில் 'முருகன் துணை' என்று இருக்கும். எழுத்து அசலில் ஒரு சாண் உயரம்கூட இல்லை, 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1/76ல் இரண்டு மில்லிமீட்டர்தான் வருகிறது. அந்த அளவில் 'ண'வின் சுழிகள் மூன்றும் மையில் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும், 'ணை' என்றால் கேட்கவே வேண்டாம். தடித்த எழுத்துரு உதவாது, இருப்பதிலேயே மெல்லிய எழுத்துருவாக எடுத்து, எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடம் விட்டு, 1200 டிபிஐயில் அச்சடித்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம்.

வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை அச்சடிக்கத் தெரியாது, வெள்ளை என்றால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடும். முன்பு ஆல்ப்ஸ் என்று ஒரு பிரிண்டர் ரிப்பன் வைத்து வெள்ளையும் அச்சடித்தது, அதை நிறுத்திவிட்டார்கள். மஞ்சளும் அப்படித்தான், கறுப்பின் மேல் ஒட்டினால் காணாமல் போகும். அதனால் தலைகீழாகச் செய்தேன்: பலகையை மஞ்சளாகப் பெயிண்ட் அடித்துவிட்டு, எழுத்து மட்டும் வெறுமையாக விட்டு மற்ற இடமெல்லாம் கறுப்பாக அச்சடித்த டீக்காலை அதன்மேல் ஒட்டினேன். எழுத்து வழியாக அடியிலுள்ள மஞ்சள் தெரிகிறது, மையில் வந்தால் கிடைக்காத பளிச். இதற்கு லேசர் பிரிண்டர்தான் நல்லது. இன்க்ஜெட்டில் அடித்தால் தண்ணீரில் போடும் முன் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே மெல்லிசாகப் பலமுறை அடித்து மூட வேண்டும், இல்லையென்றால் கிண்ணத்துத் தண்ணீர் கறுப்பாகும், தாள் வெள்ளையாகும்.


சாட்ஸ்வர்த்_இம்பாலா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விஷயம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஊசி வைத்தியம் பார்த்தேன். சின்னத்தின் வலதுபுறம் முக்கால்வாசி அடங்கிவிட்டது, இடதுபுறம் பேனல் கோட்டை ஒட்டி ஒரு திட்டு பிடிவாதமாக நிற்கிறது, அங்கே கோட்டின் மேலேயே பிளேடால் கீறிச் சால் வைத்திருக்கிறேன். வலது இறக்கைக்கு எக்ஸ்-22 அடித்துக் காயவிட்டிருக்கிறேன். ஐயா சொன்ன பஸ் பலகையின் படம் போட்டால் நன்றாக இருக்கும்.

வெயிலில் வைத்த தாள் ஓரளவு வெளுத்திருக்கிறது. ஒட்டும் முன் தேவையில்லாத ஓரத்து எண் ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், பிரஷ் பட்டதும் நாலைந்து துண்டாகச் சிதறிவிட்டது. மற்றதும் இப்படித்தான் உடையுமா? உடையும் என்றால் ஐயா வழியில் அச்சடிக்கத்தான் வேண்டுமா? ஸ்பிரிங்பாக்கை அந்த அளவில் வரைய எனக்குக் கை வராது.


லெனேசியா_ஏர்பிரஷ் எழுதியது:

எல்லாமே உடையும், படலம் வயதாகி நொறுங்கிவிட்டது. பயப்படாதீர்கள், மைக்ரோஸ்கேல் லிக்விட் டீக்கால் ஃபிலிம் என்று ஒரு பாட்டில் உண்டு, அகலமான மெத்தென்ற பிரஷ்ஷால் தாளின் மேல் ஒரே திசையில் ஒரு முறை மட்டும் இழுத்துப் பூசிக் காயவிடுங்கள், திரும்பத் திரும்பத் தேய்க்கக்கூடாது. அது கிடைக்கவில்லை என்றால் கிளியர் லாக்கர் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு முறை, ஐயா சொன்ன ஈரக் கணக்கைப் பார்த்துக்கொண்டு. ஆனால் இப்போது முழுத் தாளும் ஒரே படலமாகிவிடும், முன்பு மாதிரி ஒவ்வொரு சின்னமும் தனியாகக் கழன்று வராது. ஒவ்வொன்றையும் புது பிளேடு போட்டு அச்சின் ஓரத்தை ஒட்டி நீங்களேதான் வெட்டி எடுக்க வேண்டும். படலம் கொஞ்சம் தடித்திருக்கும், அதனால் தண்ணீரில் கூடுதல் நேரம், சாலும் ஒரு கை கூடுதல். முதலில் இன்னொரு ஓரத்து எண்ணில் பாருங்கள், அது முழுசாக நழுவி வந்தால் கோட்டையை வெட்டுங்கள்.


மாரிட்ஸ்பர்க்_பஸ் எழுதியது:

தம்பி, பூசுவதற்கு முன் அந்தத் தாளை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். உடைந்தாலும் ஸ்பிரிங்பாக்கை யாரும் வரைய வேண்டியதில்லை, கோப்பை எனக்கு அனுப்பினால் வெள்ளை டீக்கால் தாளில் லேசரில் அடித்துத் தருகிறேன், சின்னத்தைச் சுற்றி வெள்ளை தெரியாமல் இருக்க, பெயிண்டின் பச்சை எந்தப் பச்சை என்று மட்டும் சொல்லுங்கள். பஸ் படம் நாளைக்கு வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.